உங்களுக்குத் தெரியுமா? – இல்லாத நாட்டுக்காரர் மீதும் வெறுப்பு!

● 1930-களின் தொடக்கம். சீனர் குடியேறுவதற்கு அமெரிக்கச் சட்டமே தடை போட்டிருந்த காலம். ரிச்சர்ட் லாப்பியர் என்ற பேராசிரியர், இளம் சீனத் தம்பதியைக் காரில் அழைத்துக்கொண்டு நாடு சுற்றினார். விடுதி, உணவகம் என்று 251 இடங்களில் ஏறி இறங்கினார்கள். முடியாது என்று திருப்பி அனுப்பியது ஒரே ஓர் இடம்தான்.

ஆறு மாதம் கழித்து அதே இடங்களுக்கு, ‘சீனர்கள் வந்தால் ஏற்பீர்களா?’ என்று கடிதம் போட்டார். பதில் வந்தது 128 இடங்களிலிருந்து. பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் ‘மாட்டோம்’. கல்லாவில் இருந்தவரும் கடிதம் எழுதியவரும் ஒரே ஆள்தானா, கூட ஒரு வெள்ளைக்காரர் வந்ததால் கிடைத்த மரியாதையா என்றெல்லாம் பிறகு கேள்விகள் எழுந்தன, நியாயமானவைதான். நம்மூர் நடப்பு இதற்கு நேர் தலைகீழ். மேடையில் சமத்துவம் பேசுகிறவரிடமே வாடகைக்கு வீடு கேட்டுப் பாருங்கள்: “நீங்க சைவமா?”

● எந்தெந்த நாட்டவரை அண்டை வீட்டில் வைத்துக்கொள்வீர்கள் என்கிற பாணியில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் கேட்டார் உளவியலாளர் யூஜின் ஹார்ட்லி. பட்டியலில் டானிரியர், பைரீனியர் என்று இல்லாத சில இனங்களையும் செருகி வைத்தார். மற்றவர்களை ஒதுக்கிய மாணவர்கள் இவர்களையும் ஒதுக்கினார்கள்! 1946-இல் அவருடைய நூலில் வெளிவந்த செய்தி இது.

● ஆட்களைப் பிரிக்கச் சாதி, மதம் எதுவும் தேவையில்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 14, 15 வயதுப் பையன்களிடம் இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி, “நீ க்ளே பிடித்த அணி, நீ காண்டின்ஸ்கி பிடித்த அணி” என்று பிரித்தார் உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல். உண்மையில் அது குருட்டாம்போக்கில் பிரித்ததுதான். பிறகு மற்றப் பையன்களுக்குக் காசு பங்கிடச் சொன்னார். தன் அணி எது என்பது தெரியுமே தவிர, கூட இருப்பவர்களில் இன்னார் இந்த அணி என்பது பையன்களுக்குத் தெரியாது. தனக்கென்று காசு ஒதுக்கிக்கொள்ளவும் முடியாது. அப்படியும் தன் அணிக்கே அள்ளிக் கொடுத்தார்கள். அதைவிட வேடிக்கை, தன் அணிக்குக் கொஞ்சம் குறைந்தாலும் சரி, எதிரணியைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்ற பக்கமே சாய்ந்தார்கள். 1970-இல் இதை எழுதிய தாஜ்ஃபெல் போலந்து யூதர். பிரெஞ்சுப் படைவீரராக ஜெர்மானியரிடம் பிடிபட்டு, போலந்து யூதர் என்பதை மறைத்து உயிர் தப்பியவர். ஊரில் இருந்த குடும்பத்தார் அநேகமாக எல்லாருமே கொல்லப்பட்டுவிட்டார்கள்.

● 1954, ஓக்லஹோமா. உளவியலாளர் முஸஃபர் ஷெரீஃப் நடத்திய கோடை முகாமில் 22 சிறுவர்கள் ‘கழுகுகள்’, ‘பாம்புகள்’ என்று பிரிந்து, எதிரணியின் கொடியைக் கொளுத்தும் அளவுக்கு மோதிக்கொண்டார்கள். பாடநூல்கள் அதிகம் பேசாதது, முந்தைய ஆண்டு முகாம். அங்கே பையன்கள் முதலில் நண்பர்களாகிவிட்டதால், எவ்வளவு தூண்டியும் சண்டை வரவில்லை. ஆய்வைப் பாதியில் கைவிட்டார்கள்.

● உத்தரப் பிரதேசத்தில் 1,261 இளைஞர்களை ஆய்வில் சேர்த்து, அவர்களில் பலரைக் கொண்டு கிரிக்கெட் போட்டிகள் நடத்தினார் பொருளாதார ஆய்வாளர் மாட் லோ. சில அணிகளில் ஒரே சாதி. சிலவற்றில் பல சாதி. ஒரே அணியில் ஆடிய வேற்றுச் சாதியாரிடையே நட்பு கூடியது. எதிரெதிர் அணியில் மோதியவர்களிடையே அது குறைந்தது.