ஒரே நாளில் திரும்பும் பயணத்துக்கும் மாற்றுடை ஏன்? அந்தமான் செல்லும் விமானியின் பெட்டி

சென்னையில் இருந்து அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகருக்குக் காலையில் விமானத்தை ஓட்டிச் செல்லும் விமானி, அன்று பிற்பகலுக்குள் வீடு திரும்பிவிடுவது வழக்கம். ஒரு வழிப் பயணம் சுமார் இரண்டே கால் மணி நேரம்தான். ஆயினும், ஒரு நாள் தங்குவதற்கான மாற்றுடையும் மருந்தும் பெட்டியில் இருப்பது நல்ல பழக்கமாகக் கருதப்படுகிறது. திட்டமிட்டபடி எல்லாம் நடக்கும் நாளுக்காக விமானி பெட்டி கட்டுவதில்லை. நடக்காமல் போகும் நாளுக்காகவே கட்டுகிறார்.

கடல் நடுவே ஓர் ஓடுபாதை

2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர், சென்னையில் இருந்து சுமார் 1,370 கி.மீ. தொலைவில் உள்ளது. கொல்கத்தாவும் ஏறத்தாழ அதே தொலைவுதான். அங்குள்ள வீர சாவர்க்கர் சர்வதேச விமான நிலையம், இந்தியக் கடற்படையின் ஐஎன்எஸ் உத்க்ரோஷ் தளத்துடன் ஒரே ஓடுபாதையைப் பகிர்ந்துகொள்கிறது. கார் நிக்கோபார், காம்ப்பெல் பே போன்ற இடங்களில் உள்ள பிற ஓடுபாதைகள் ராணுவத் தளங்களைச் சேர்ந்தவை.

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் தீவுகளை நனைக்கின்றன. ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்கிறது. தீவுகள் கிழக்கே வெகுதொலைவில் இருந்தும் இந்திய நேரத்தையே பின்பற்றுவதால், டிசம்பரில் மாலை 5 மணி அளவிலேயே சூரியன் மறைந்துவிடுகிறது. மழையால் ஓடுபாதை தெரியாமல் போனால், வந்த விமானம் நிலப்பகுதிக்கே திரும்ப நேரிடும். தரையிறங்கிய பின் வானிலை மோசமானால், விமானிகள் தீவிலேயே தங்க வேண்டியிருக்கும்.

எரிபொருளும் ஒரு சுமைதான்

விமானியின் பெட்டியை நிர்ணயிக்கும் இதே கணக்குதான் விமானத்தின் எரிபொருளையும் நிர்ணயிக்கிறது. மாற்று நிலையம் எதுவும் இல்லாத தனித்த விமான நிலையத்துக்குச் செல்லும் ஜெட் விமானம், அந்நிலையத்தை அடைந்த பின்னும் இரண்டு மணி நேரம் பறப்பதற்கான எரிபொருளை வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு (ஐகாவோ) வகுத்துள்ள நெறி. மாற்று நிலையம் குறிக்கப்பட்டிருந்தால், அதுவரை செல்வதற்கான எரிபொருளும், அதற்கு மேல் 30 நிமிடங்கள் வட்டமிடுவதற்கான இறுதி இருப்பும் தேவை.

180 பேர் அமரும் ஏர்பஸ் ஏ320 ரக விமானம் மணிக்குச் சுமார் இரண்டரை டன் எரிபொருளைச் செலவிடுகிறது. சென்னையையே மாற்று நிலையமாகக் குறித்தால், தீவின் மேல் வந்து சேரும்போதும் ஏறத்தாழ 6 டன் எரிபொருள் கலனில் மீதம் இருக்க வேண்டும். ஒவ்வொரு விமானத்துக்கும் தரையிறங்கும்போது இருக்கக்கூடிய உச்ச எடை வரையறுக்கப்பட்டுள்ளது. அந்த வரம்பை எட்டிய நிலையில் எரிபொருள் ஒரு டன் கூடினால், பயணிகளும் சரக்கும் சேர்ந்த எடையில் ஒரு டன் குறைந்தாக வேண்டும். கைப்பை உட்பட ஒரு பயணிக்கு 75 கிலோ, சரக்கு அறைக்குச் செல்லும் பெட்டிக்கு 15 கிலோ எனக் கொண்டால், ஒரு டன் என்பது 11 பேரின் இடம்.

தீவு மக்களுக்கு இது வெறும் எண் அல்ல. மேல்சிகிச்சைக்குச் சென்னைக்கு வர வேண்டிய நோயாளிக்கு விமானத்தை விட்டால் கப்பல்தான் வழி. அதில் கடலைக் கடக்கச் சுமார் மூன்று நாட்கள் ஆகும்.

16 கிலோவில் இருந்து கைக்கணினிக்கு

விமானியின் பையில் நீண்ட காலம் பெரும் எடையாக இருந்தது காகிதம்தான். 1930களில் அமெரிக்காவில் அஞ்சல் விமானம் ஓட்டிய எல்ரி ஜெப்சன், ஓடுபாதைகளின் நீளம், சுற்றியுள்ள குன்றுகளின் உயரம் போன்றவற்றைச் சிறிய கறுப்புக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். 1934ல் அதன் பிரதிகளை 10 டாலருக்கு விற்கத் தொடங்கினார். இன்றும் விமானிகள் பயன்படுத்தும் ஜெப்சன் வரைபடங்களின் தொடக்கம் அதுவே.

காலப்போக்கில் அந்தக் குறிப்பேடு தடித்த தொகுப்புகளாகப் பெருகியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் சுமந்த காகிதப் பையின் எடை சுமார் 16 கிலோ. 2013ல் அந்நிறுவனம் அதற்குப் பதிலாகக் கைக்கணினியை முழுமையாக நடைமுறைப்படுத்தியது. இதனால் ஆண்டுக்குக் குறைந்தது 4 லட்சம் கேலன் எரிபொருள் மிச்சமாகும் என அறிவித்தது. 'மின்னணு விமானப் பை' எனப்படும் இந்தக் கருவி இப்போது இந்திய விமான நிறுவனங்களிலும் பயன்பாட்டில் உள்ளது.

எடை குறைந்ததால் பொறுப்பு குறைந்துவிடவில்லை. வரைபடங்களின் அண்மைப் பதிப்பைப் புறப்படுவதற்கு முன்பே தரவிறக்கி, மின்னேற்றத்தையும் சரிபார்க்க வேண்டும். ஒரு கருவி பழுதானாலும் வழி தவறக் கூடாது என்பதற்காக இரு விமானிகளிடமும் தனித்தனிக் கருவிகள் இருக்கும்.

சக்கரப் பெட்டியும் விமானியின் கொடையே

சக்கரம் பொருத்திய பெட்டிக்கு அமெரிக்காவின் பெர்னார்ட் சாடோ 1972ல் காப்புரிமை பெற்றார். ஆனால் அது படுக்கைவாட்டில், வார் கட்டி இழுக்கப்பட்டது. நிமிர்ந்து நிற்கும், நீளும் கைப்பிடியும் இரு சக்கரங்களும் கொண்ட பெட்டியை 1987ல் உருவாக்கியவர், நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் விமானி ராபர்ட் பிளாத். முதலில் சக விமானிகளுக்கும் பணிப்பெண்களுக்கும் விற்றார். விமான நிலையங்களில் அவர்கள் அதை இழுத்துச் செல்வதைக் கண்ட பயணிகள் தங்களுக்கும் கேட்கவே, உலகெங்கும் பரவியது.

பெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அழகைவிட உழைப்பே பார்க்கப்படுகிறது. விமானியறையின் குறுகிய இடத்தில் அடங்க வேண்டும். படிக்கட்டில் ஒரு கையால் தூக்க முடிய வேண்டும். சக்கரம் தேய்ந்தால் மாற்ற வசதி வேண்டும். தீவுகளின் மழைக்கும் உப்புக் காற்றுக்கும் நீர் புகாத துணியும் துருப்பிடிக்காத ஜிப்பும் உதவும்.

உள்ளே என்ன இருக்கும்?

விமானி உரிமமும் மருத்துவத் தகுதிச் சான்றும் அடையாள அட்டையும் முதலிடம் பெறுகின்றன. பார்வைக் குறைபாட்டுக்குக் கண்ணாடி அணிபவர், மாற்றுக் கண்ணாடி ஒன்றையும் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஹெட்செட், டார்ச், ஒளிரும் மேலங்கி ஆகியவையும் இடம்பெறும். வெயில் கண்ணாடியில் 'போலரைஸ்டு' வகை தவிர்க்கப்படுகிறது. விமானியறையின் திரைகள் அதன் வழியே மங்கலாகத் தெரியக்கூடும் என்பதே காரணம்.

பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்கு அறைக்கு அனுப்பும் பெட்டியில் வைக்கக் கூடாது. லித்தியம் மின்கலம் தீப்பற்றினால் உடனே அணைக்க, அது கண்ணெதிரில் இருந்தாக வேண்டும். 100 வாட்-மணி வரையிலான திறனுக்குத் தனி அனுமதி தேவையில்லை. அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும்.

தீவில் இருந்து திரும்பும்போது பெட்டியில் சேரக் கூடாத ஒன்றும் உண்டு. 1972ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பவளப்பாறைகளையும் பலவகைச் சங்கு, சிப்பிகளையும் பாதுகாக்கிறது. கடற்கரையில் கிடந்ததுதானே என எடுத்துவருவதும் குற்றமாகலாம். 2023 ஜூலையில் திறக்கப்பட்ட புதிய முனையம் சிப்பியின் வடிவில் அமைந்துள்ளது. ஆனால் அங்கே சோதனையில் சிக்கும் பவளத்துக்கு விலக்கு இல்லை. சீருடை அணிந்தவரின் பையும் பயணிகளின் பையைப் போலவே பாதுகாப்புச் சோதனைக்கு உட்பட்டது.

பெரும்பாலான நாட்களில் அந்த மாற்றுடை மடிப்புக் கலையாமலும், இருப்பு எரிபொருள் செலவாகாமலும் திரும்பி வருகின்றன. அவை வீண் சுமை அல்ல. மேகம் ஓடுபாதையை மறைக்கும் நாளில், பதற்றமின்றித் திரும்பவோ காத்திருக்கவோ விமானிக்கு வழி தருபவை அவையே.