அச்சுறுத்தலும் பேச்சுவார்த்தையும்: ஜெர்மனியின் 'இரட்டைத் தீர்மானம்' உணர்த்துவது என்ன?

இராணுவ அச்சுறுத்தலும் இராஜதந்திரமும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால், இவ்விரண்டையும் ஒரே தீர்மானத்தில் இணைத்த ஒரு முயற்சி, பனிப்போர்க் காலத்தில் மேற்கு ஜெர்மனியின் அரசியலை உலுக்கியது.

1970களின் பிற்பகுதியில் சோவியத் ஒன்றியம் எஸ்.எஸ்.-20 ரக அணு ஏவுகணைகளை நிறுத்தத் தொடங்கியது. இவை மேற்கு ஐரோப்பிய நகரங்களைத் தாக்கக்கூடியவை. அவற்றைக் காக்க அமெரிக்கா தனது நகரங்களைப் பணயம் வைக்குமா என்ற ஐயம் எழுந்தது. ஐரோப்பாவில் இராணுவச் சமநிலை குலைவது குறித்து, ஜெர்மன் சான்சலர் ஹெல்முட் ஷ்மிட் 1977 அக்டோபரில் லண்டனில் ஆற்றிய உரையில் எச்சரித்தார்.

இரு முனைகள்

1979 டிசம்பர் 12ஆம் தேதி நேட்டோ அமைப்பு ஒரு முடிவை அறிவித்தது. இதன்படி, 108 பெர்ஷிங்-2 ஏவுகணைகளும் 464 க்ரூஸ் ஏவுகணைகளும் 1983ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து ஐரோப்பாவில் நிறுத்தப்படும். அதேவேளை, இத்தகைய ஆயுதங்களைக் கட்டுப்படுத்துவது குறித்து மாஸ்கோவுடன் பேச்சு நடத்தப்படும். பெர்ஷிங்-2 அனைத்தும் மேற்கு ஜெர்மனிக்கே ஒதுக்கப்பட்டன.

போர் மூண்டால் இரு ஜெர்மனிகளுமே களமாகும் என்ற அச்சம் மக்களை வீதிக்குக் கொண்டுவந்தது. 1981 அக்டோபரில் பான் நகரில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் திரண்டனர். கிழக்கு நாடுகளுடன் உறவைச் சீர்படுத்தியதற்காக நோபல் பரிசு பெற்ற முன்னாள் சான்சலர் வில்லி பிராண்ட், 1983இல் அதே நகரில் நடந்த எதிர்ப்புப் பேரணியில் உரையாற்றினார். தீர்மானத்துக்கு வித்திட்ட ஷ்மிட்டை அவரது சொந்தக் கட்சியே கைவிட்டது.

1983 நவம்பர் 22ஆம் தேதி, ஹெல்முட் கோல் ஆட்சியில், நாடாளுமன்றம் ஏவுகணைகளுக்கு இசைவளித்தது. மறுநாளே சோவியத் தரப்பு ஜெனீவா பேச்சுக்களிலிருந்து வெளியேறியது.

வென்றது எது?

நான்கு ஆண்டுகள் கழித்து, 1987 டிசம்பர் 8ஆம் தேதி, ரொனால்ட் ரேகனும் மிகாயில் கோர்பசேவும் அந்த ரக ஏவுகணைகள் அனைத்தையும் ஒழிக்கும் உடன்படிக்கையில் கைச்சாத்திட்டனர். 1991க்குள் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன.

நேட்டோ உறுதியாக நின்றிராவிட்டால், மாஸ்கோ தனது ஏவுகணைகளைக் கைவிட்டிருக்காது என்பது ஆதரவாளர்களின் வாதம். அச்சுறுத்தலால் உடனடியாக விளைந்தது பேச்சு முறிவுதான் என்றும், கோர்பசேவின் வருகையே நிலைமையை மாற்றியது என்றும் எதிர்ப்பாளர்கள் கூறுகின்றனர்.

இரண்டிலும் உண்மையுண்டு. ஆயினும் இரு தரப்பும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. இரு தரப்பும் இவ்வகை ஏவுகணைகளை முற்றாகக் கைவிடலாம் என்ற யோசனையை ரேகன் 1981இலேயே முன்வைத்திருந்தார். அதாவது, அச்சுறுத்தலை நீக்குவதற்கான விலை என்னவென்று மாஸ்கோவுக்குத் தெரிந்திருந்தது. அதை ஏற்க ஒரு தலைவர் முன்வந்தபோது வழி திறந்தே இருந்தது.

பான் அரசும் கிழக்குடனான கதவை அடைக்கவில்லை. ஏவுகணைகள் வந்திறங்கிய அதே 1983இல், கிழக்கு ஜெர்மனிக்கான நூறு கோடி மார்க் கடனுக்கு அது உத்தரவாதம் அளித்தது. 1987 செப்டம்பரில் கிழக்கு ஜெர்மன் தலைவர் எரிக் ஹோனெக்கர் பான் நகருக்கு வந்தார். தனது படையிடமிருந்த 72 பழைய பெர்ஷிங் ஏவுகணைகளையும் கைவிட முன்வந்து, கோல் உடன்படிக்கைக்கு இருந்த ஒரு தடையை அகற்றினார்.

ரஷ்யா விதிகளை மீறியதாகக் குற்றஞ்சாட்டி, 2019 ஆகஸ்டில் அமெரிக்கா அந்த உடன்படிக்கையிலிருந்து விலகியது. ரஷ்யா அக்குற்றச்சாட்டை மறுத்தது. யுக்ரெய்ன் போருக்கு நடுவே, 2026 முதல் ஜெர்மனியில் அமெரிக்காவின் நீண்டதூர ஆயுதங்கள் நிறுத்தப்படும் என்று 2024 ஜூலையில் வாஷிங்டனும் பெர்லினும் அறிவித்தன.

1979ஆம் ஆண்டின் தீர்மானத்துக்கும் இந்த அறிவிப்புக்கும் இடையே முக்கிய வேறுபாடு ஒன்று உள்ளது. முன்னையதில் ஏவுகணைகளோடு பேச்சுவார்த்தைக்கான அழைப்பும் இருந்தது. பின்னையதில் அது இல்லை. எதைச் செய்தால் அச்சுறுத்தல் விலகும் என்று எதிராளிக்குத் தெரியாதபோது, பதிலுக்குத் தானும் ஆயுதம் குவிப்பதே அவருக்கு எளிதான வழியாகிவிடுகிறது.