தேருக்கு முன்னே திட்டமிட்டால் பருத்தி எடுப்பு தடைப்படாது

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் விதைக்கும் கோடை இறவைப் பருத்தி, ஜூன் முதல் ஆகஸ்டு வரை எடுப்புக்கு வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேரோட்டமும் இந்தச் சமயத்தில்தான் நடைபெறுகிறது. பருத்தி எடுக்கும் பெண்கள் குடும்பத்தோடு தேர் பார்க்கப் போவார்கள். வீட்டுக்கு உறவினர்களும் வருவார்கள். ஆகவே, முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று நாட்கள் ஆள் கிடைப்பது அரிது.

ஆட்களைத் தடுப்பது முறையல்ல, பயனும் இல்லை. 2012ல் லண்டனில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தபோதுகூட, தொழிலாளரின் விடுப்பை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுமாறு முதலாளிகளுக்கு யோசனை கூறப்பட்டது. நமக்கும் அதுவே வழி.

காலம் தவறினால் நஷ்டம்

வெடித்த பருத்தி செடியிலேயே நின்றால் ஆடிக் காற்றில் உதிர்ந்து மண் ஒட்டும். சாரல் விழுந்தால் கறை படியும். சருகு கலந்த பருத்திக்கு விலை குறையும். எனவே, ஏழு நாட்களுக்கு ஒரு முறை எடுப்பது நல்லது.

இந்த ஏழு நாள் இடைவெளிக்குள் தேர் நாள் விழும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். தேருக்கு மூன்று நாள் முன்பு ஓர் எடுப்பை முடித்து, தேர் கழிந்த நான்காம் நாள் அடுத்த எடுப்பைத் தொடங்கினால் பருத்தி கெடாது. ஆட்களுக்கும் ஓய்வு கிடைக்கும்.

நாள் கணக்கு

ஆடிப்பூரம் ஆண்டுதோறும் ஒரே தேதியில் வராது. 2024ல் ஆகஸ்டு 7ந் தேதியும், 2025ல் ஜூலை 28ந் தேதியும் தேர் ஓடியது. விதைக்கும்போதே பஞ்சாங்கத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையம் 1996ல் வெளியிட்ட எஸ்.வி.பி.ஆர். 2 ரகத்தின் வயது சுமார் 150 நாட்கள். மார்ச் முதல் தேதி விதைத்தால் ஜூலைக் கடைசியில் முடியும். விதைப்பு தாமதமானால் தேருக்குப் பின்னும் எடுப்பு இருக்கும்.

ஆள் கணக்கு

முந்தைய எடுப்பில் ஓர் ஆள் எத்தனை கிலோ எடுத்தார் என்று குறித்து வைக்கவும். மூன்று ஏக்கரில் 600 கிலோ வெடித்திருக்கிறது, ஓர் ஆள் 20 கிலோ எடுப்பார் என்று கொண்டால் 30 ஆள் தேவை. பத்துப் பேர்தான் கிடைப்பார்கள் என்றால் மூன்று நாள் முன்னதாகவே தொடங்க வேண்டும். பக்கத்து நிலத்துக்காரருடன் பேசி, ஆளுக்கொரு நாளாக முறை வைத்துக்கொண்டால் போட்டியும் இராது.

கூலியைப் பாக்கியின்றித் தேருக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். விழாச் செலவுக்குப் பணம் தேவைப்படும் நேரம் அது. திரும்ப வரும் நாளையும் அப்போதே பேசிக்கொள்ளலாம்.

அவசரம் கூடாது

தேர் வருகிறதென்று அரைகுறையாக வெடித்த காய்களைப் பறிக்கக்கூடாது. நன்கு வெடித்தவற்றை மட்டும், ஈரப்பதம் உள்ள காலை வேளையில் பத்து, பதினோரு மணிக்குள் எடுத்தால் சருகு ஒட்டாது. கறை பட்டதையும் பூச்சி அரித்ததையும் தனியே வைக்கவும். எடுத்த பருத்தியை நிழலில் உலர்த்தவும். வெயிலில் காய்ந்தால் இழையின் வலிமையும் பளபளப்பும் குறையும். உலராத பருத்தியைக் குவித்து வைத்துவிட்டு விழாவுக்குப் போனால், முன்கூட்டி எடுத்த பலன் வீணாகிவிடும்.