ஆஸ்பத்திரியில் பாட்டி ஏன் குழம்புகிறார்?

மாணவ நண்பர்களே, 78 வயதுப் பாட்டி ஒருவரைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். சில ஆண்டுகளாக அவருக்கு ஞாபக மறதி. பேரனைக் கூப்பிட மகன் பெயரைச் சொல்வார். அடுப்பில் பால் வைத்ததை மறந்து விடுவார். ஆயினும் தாமே குளிப்பார், தாமே உண்பார். ஒரு நாள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து விடுகிறது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிகிறது. ஆனால் இரண்டாம் நாள் இரவு, சுவரில் பூச்சிகள் ஊர்வதாக அலறுகிறார். கையில் ஏறும் டிரிப் குழாயைப் பிடுங்கி எறிகிறார். பெற்ற மகளையே “நீ யார்?” என்கிறார். மறதி நோய் முற்றிவிட்டது என்று வீட்டார் கலங்குகிறார்கள்.

அப்படி முடிவு கட்டுவது தவறு. டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் மெல்ல வளர்வது. ஓரிரு நாளில் மூண்டெழும் இக்குழப்பம் வேறு. இதற்கு டெலிரியம் என்று பெயர். கடுங்காய்ச்சலில் பிதற்றுவதை நம் பெரியவர்கள் ‘ஜன்னி’ என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். டிமென்ஷியா உள்ளவர்களை இது எளிதில் பற்றும். காரணத்தைக் கண்டு நீக்கினால் பெரும்பாலும் தணியும். கவனியாது விட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இதைக் கண்டுபிடிக்க எந்திரம் ஏதும் தேவையில்லை. அமெரிக்க மருத்துவர் ஷாரன் இனோவேயும் அவருடன் பணியாற்றியோரும் 1990-இல் வெளியிட்ட முறை நான்கு அடையாளங்களைப் பார்க்கிறது. குழப்பம் திடீரென்று தோன்றி, கூடியும் குறைந்தும் வருகிறதா? கவனம் சிதறுகிறதா? இவ்விரண்டும் இருந்து, பேச்சு தொடர்பற்றுப் போவதோ, உணர்வு நிலை மாறி அரைத் தூக்கமோ படபடப்போ காணப்படுவதோ சேர்ந்தால் அது டெலிரியம். கவனத்தைச் சோதிக்க, கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்வார்கள். நீங்களே சொல்லிப் பாருங்கள். ஓட்டம் தடைப்படுகிறது அல்லவா? அந்தச் சிறு தடையைத் தாண்ட மூளைக்குக் கவனம் வேண்டும்.

சரி, ஆஸ்பத்திரியில் ஏன் இது வருகிறது? கவனத்துக்கும் நினைவுக்கும் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் மூளைக்குத் தேவை. டிமென்ஷியாவில் மிகப் பரவலான வகையான அல்ஸைமர் நோயில், அதைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிகின்றன. சில ஒவ்வாமை மாத்திரைகளும் தூக்க மருந்துகளும் அதே பொருளின் வேலையைத் தடுப்பவை. வற்றிய கிணற்றில் இன்னொருவர் ஏற்றம் போட்டு இறைப்பது போலத்தான்! இதோடு தூக்கமின்மை, தாகம், வலி, கிருமித் தொற்று, மலச்சிக்கல், கழற்றி வைத்த மூக்குக் கண்ணாடி, பகலிரவு தெரியாத விளக்கொளி எல்லாம் சேர்ந்து கொள்கின்றன.

இவற்றுள் பலவற்றை நம்மால் மாற்ற முடியும் என்பதே இனோவேயின் எண்ணம். யேல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆஸ்பத்திரியில், 70 வயதைக் கடந்த 852 நோயாளிகளை அவர் குழுவினர் ஆராய்ந்தனர். இவர்களில் சிலருக்கு மட்டுமே டிமென்ஷியா. ஒரு பாதியினருக்கு வழக்கமான கவனிப்பு. மறு பாதியினருக்குக் கூடுதலாகச் சில எளிய காரியங்கள்: கண்ணாடியையும் காதுக் கருவியையும் மாட்டி விடுவது, அடிக்கடி நீர் பருகச் செய்வது, நடக்க வைப்பது, இன்று என்ன கிழமை என்று பேசிக் கொண்டிருப்பது, இரவில் தூக்க மாத்திரைக்குப் பதில் சூடான பானமும் முதுகை இதமாகப் பிடித்து விடுதலும். பயிற்சி பெற்ற தொண்டர்களும் இதில் உதவினர். 1999-இல் முடிவு வெளியாயிற்று. வழக்கமான கவனிப்பில் 15 சதவீதத்தினருக்கு டெலிரியம் கண்டது. மறு பாதியில் 9.9 சதவீதம்தான். ஆனால் ஒன்று: டெலிரியம் வந்துவிட்ட பின் அதன் கடுமையை இம்முறை குறைக்கவில்லை. வருமுன் காப்பதிலேதான் அதன் பலன்.

வலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிமென்ஷியா முற்றியவர் “வலிக்கிறது” என்று சொல்லத் தெரியாமல் இருப்பார். எனவே தேர்ந்த நர்சுகள் மூச்சு, முனகல், முகச் சுளிப்பு, உடல் இறுக்கம் ஆகியவற்றைப் பார்த்து அறிவார்கள். ‘முரண்டு பிடிக்கிறார்’ என்று கட்டிப்போடுவது குழப்பத்தை மேலும் வளர்க்கும்.

இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள். டாக்டர் ஜான் ஜெரார்டு அல்ஸைமர் நோயாளி. ஆயினும் வீட்டில் நடமாடிக் கொண்டிருந்தார். 2014 பிப்ரவரியில் கால் புண்ணுக்காக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். தொற்றுப் பரவலால் பார்வையாளர்களுக்குக் கட்டுப்பாடு. ஐந்து வாரங்கள் கழித்து, நடக்கவும் தாமே உண்ணவும் இயலாதவராக வீடு திரும்பினார். அவ்வாண்டு நவம்பரில் காலமானார். அவர் மகள், எழுத்தாளர் நிக்கி ஜெரார்டு, தோழி ஜூலியா ஜோன்ஸுடன் ‘ஜானின் இயக்கம்’ தொடங்கினார். டிமென்ஷியா நோயாளியைப் பராமரிப்பவர் வெறும் பார்வையாளர் அல்லர், எந்நேரமும் உடனிருக்க அவருக்கு உரிமை வேண்டும் என்பதே கோரிக்கை. அந்நாட்டு ஆஸ்பத்திரிகள் பல இதை ஏற்றன. நோயாளிக்குத் துணையாக ஒருவர் தங்குவது நம் ஊரில் வெகுகாலப் பழக்கம். அங்கே அதற்கு ஓர் இயக்கமே நடத்த வேண்டியிருந்தது!

அந்நாட்டு அல்ஸைமர் சங்கம் ‘இது நான்’ என்னும் படிவம் ஒன்றையும் வழங்குகிறது. அதுபோன்ற தாளை நீங்களும் உங்கள் வீட்டுப் பெரியவருக்காக எழுதி, கட்டிலருகே வைக்கலாம். எந்தப் பெயரால் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்? எந்தக் காது நன்றாகக் கேட்கும்? காப்பியா, கஞ்சியா? இரவில் விளக்கு எரிய வேண்டுமா? முன்பு என்ன வேலை செய்தார்? பயந்தால் எது அவரை அமைதிப்படுத்தும்? வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் அதோடு இணைத்து விடுங்கள். நாட்டு மருந்தானாலும் விட்டுவிடாதீர்கள்.