ஐம்பூதத் தலங்களும் மார்கழி மிதிவண்டி யாத்திரையும்

யாத்திரை என்பது புறப்படும் நாளில் தொடங்குவதன்று. ஆயத்தம் செய்யும் நாளிலேயே தொடங்கிவிடுவது. மார்கழித் திருவாதிரையன்று தில்லைக் கூத்தப்பெருமானைத் தரிசிக்க விழைந்து, காளத்தியினின்று காஞ்சி, திருவண்ணாமலை, திருவானைக்கா வழியாக மிதிவண்டியில் வர எண்ணும் அன்பர்களுக்குச் சில சொல்வோம். வழி ஏறத்தாழ 600 கி.மீ.; நாளொன்றுக்கு 60 கி.மீ. வீதம் 10 நாள் ஓட்டம். இவ்வைந்தும் ஐம்பூதத் தலங்கள் ஆதலின், ஆயத்தத்தையும் ஐந்தாகவே வகுத்துக்கொள்ளலாம்.

காளத்தி வாயுத் தலம். மிதிவண்டிக்கு உயிர் காற்றே. காலைதோறும் டயரை அழுத்திப் பார்த்தல் வேண்டும். பம்பும் மாற்று ட்யூபும் பஞ்சர் ஒட்டும் பொருள்களும் உடனிருத்தல் வேண்டும். ஓட்டுபவர் மூச்சுக்கும் பயிற்சி வேண்டும். ஒரு மாதம் முன்னரே நாள்தோறும் 20 கி.மீ. ஓட்டிப் பழகுக. பின்னர் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு அடுத்தடுத்து இரண்டு நாள் 60 கி.மீ. ஓட்டிப் பார்க்க. முதல்நாள் எவரும் ஓட்டிவிடுவர். மறுநாள் காலையில் முழங்கால் சொல்வதே உண்மை.

காஞ்சி ஏகம்பம் பிருதிவித் தலம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. அது விட்டுச்சென்ற குழிகள் தேங்கிய நீரின்கீழ் மறைந்திருக்கும். நனைந்த சக்கரத்தை பிரேக் கட்டை உடனே பற்றாது. தேய்ந்த கட்டைகளை வீட்டிலேயே மாற்றி, செயினுக்கு எண்ணெய் இடுக.

திருவண்ணாமலை தேயுத் தலம். இங்கு விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருளிலேயே புறப்படுவது புண்ணியம் என்று கருதுவார் உளர். மார்கழியில் கதிரவன் தோன்றுவது 6.30 மணியளவிலேதான். பனிமூடிய நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுபவர் கண்ணுக்கு மிதிவண்டி புலப்படுவது மிக அருகில் வந்த பின்னரே. முன்விளக்கும் பின்புறச் சிவப்பு விளக்கும் இன்றியமையாதன. எனினும், அவை உள்ளன என்பதற்காக இருளில் ஓட்டத் துணியற்க. வழியனுப்பிய மனைவி மக்கள் வாசலை நோக்கியிருப்பர் என்பதை மறவற்க. பனி விலகுமட்டும் உள்ளூர்க் கோயிலில் வழிபட்டிருப்பதும் யாத்திரையே. அண்ணாமலையில் ஒருநாள் வண்டியை நிறுத்தி, 14 கி.மீ. கிரிவலம் நடந்தே செல்க.

திருவானைக்கா அப்புத் தலம். குளிர் தாகத்தை மறைக்கும். உடல் நீரை இழந்துகொண்டேயிருக்கும். தாகம் தோன்றாவிடினும் அவ்வப்போது நீர் பருகுக. வியர்வையில் நனைந்த ஆடையோடு குளிர்காற்றில் அமர்தல் தீது. ஒரு மாற்றாடை நனையாத உறையில் எப்போதும் இருக்கட்டும்.

தில்லை ஆகாசத் தலம். ஆகாசமாவது வெற்றிடம், நாட்கணக்கிலும் அது வேண்டும். ஆருத்திரா நாள் விண்மீனையும் நிறைமதியையும் பற்றி வருவதால் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும். 2023ஆம் ஆண்டில் ஜனவரி 6ஆம் நாளும் டிசம்பர் 27ஆம் நாளுமாக இருமுறை வந்தது. ஆகவே பஞ்சாங்கம் பார்த்து, பின்னிருந்து நாளை எண்ணி, மூன்று நாளேனும் மிச்சம் வைத்துப் புறப்படுக. நண்பகலில் பல கோயில்கள் நடைசாத்தி மாலை 4 மணியளவிலேயே திறக்கும். அவ்விடைவேளையை ஓய்வுக்கென்றே கொள்க.

இவ்வளவும் செய்தும் மழையோ காய்ச்சலோ மறித்தால் என் செய்வது? அப்பரடிகள் கயிலைக்கு நடந்தார். கால் தேய்ந்தபின் தவழ்ந்தார். உருண்டும் சென்றார் என்கிறது பெரியபுராணம். இறைவனோ அவரைத் திரும்பச் செய்து திருவையாற்றிலே கயிலைக் காட்சி அருளினார். அத்தகைய அடியவருக்கே திரும்புதல் குறையாகவில்லை. நாம் வண்டியைப் பேருந்தின் மேலேற்றி எஞ்சிய வழியைக் கடந்தால் விரதம் பழுதாகுமோ? ஆகாது.

600 கி.மீ. கடந்தோம் என்னும் செருக்கைச் சுமந்து சிற்சபைமுன் நிற்பதினும், நலமே வந்துசேர்ந்தோம் என்னும் நன்றியோடு நிற்பதே மேல். அதற்குரிய விழிப்பையும் பொறுமையையும் அம்பலவாணர் நமக்கு அருள்வாராக.