பாசிக்கூரைக்குக் கீழே ஒரு பெருவாய்

கண்ணாடிக் குடுவை நிறையத் தண்ணீர். அதற்குள் ஒரு கொத்து ஹைட்ரில்லா. கொத்தின் மேல் கவிழ்த்த புனல், புனலின் காம்பு மேல் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்த சோதனைக் குழாய். தூக்கி வெயிலில் வைத்தால் சற்று நேரத்தில் செடியிலிருந்து பொட்டுப் பொட்டாகக் குமிழ்கள் கிளம்பிக் குழாயின் உச்சியில் சேரும். அங்கே தணல் குச்சியைக் காட்டினால் குப்பென்று பற்றும். ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜன் வெளிவருகிறது என்பதற்கு இதுதான் நிரூபணம். படம் வரைந்து பாகம் குறித்தால் முழு மதிப்பெண்.

அதே ஹைட்ரில்லா அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், கன்டர்ஸ்வில் ஏரியில் ஏக்கர் கணக்கில் படர்ந்து கிடக்கிறது. டென்னசி ஆற்றை மறித்து 1939-இல் கட்டி முடித்த அணையின் நீர்த்தேக்கம் அது. பரப்பு சுமார் 69,000 ஏக்கர். கோடை முற்றும்போது செடி அடியிலிருந்து வளர்ந்து நீர்மட்டத்தைத் தொட்டு, அதற்கு மேல் போக வழியில்லாமல் பக்கவாட்டில் படுத்து, பாய் விரித்தாற்போல் மூடிக்கொள்ளும். கொக்கு அதன் மேல் நடந்து போகும். இந்தச் செடி அந்த நாட்டுக்குச் சொந்தமானதல்ல. 1950-களின் தொடக்கத்தில் மீன்தொட்டிச் செடி வியாபாரத்தில் இலங்கையிலிருந்து ஃபுளோரிடாவுக்குப் போய், அங்கிருந்து கால்வாய்களில் தப்பி, தென்மாநிலங்கள் முழுக்கப் பரவியது. நம் குளத்துச் செடி அங்கே போய் ஒரு மீனுக்குக் கூரை போட்டிருக்கிறது. ஜூலை மாத உச்சி வெயிலில், வெளியே வெப்பம் 33 டிகிரியும் தண்ணீர் 30 டிகிரியுமாக இருக்கும்போது, அந்தக் கூரை மேல் ஒருவர் ரப்பர் தவளையை வீசி வீசி இழுத்துக்கொண்டிருப்பார். கீழே இருப்பது பெருவாய் பாஸ்.

பாஸ் என்றால் நம் ஊர் ஓட்டல் மெனுவில் வரும் ‘சீ பாஸ்’ இல்லை. அது கொடுவா, வேறு குடும்பம். இது வட அமெரிக்க நன்னீர் மீன். வாயை மூடியிருக்கும்போது மேல்தாடையின் பின்முனை கண்ணைத் தாண்டிப் போனால் பெருவாய் பாஸ். கண்ணோடு நின்றுவிட்டால் அதன் தம்பி சிறுவாய் பாஸ். இந்தப் பேரினத்துக்கு மைக்ரோப்டெரஸ் என்று 1802-இல் பெயர் வைத்தவர் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாசெபேட். ‘சின்னத் துடுப்பு’ என்று பொருள். இத்தனை பெரிய துடுப்புள்ள மீனுக்கு ஏன் அந்தப் பெயர்? அவர் கைக்கு வந்த மீனின் முதுகுத் துடுப்பு பிய்ந்திருந்தது. தனியாகத் துருத்திக்கொண்டிருந்த மிச்சத்தைத் தனித் துடுப்பு என்று நினைத்துவிட்டார். அறிவியலில் வைத்த பெயர் வைத்ததுதான்; இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அது சின்னத் துடுப்பு மீன்தான்.

குணத்தில் அது நம் விராலுக்குச் சகோதரன் மாதிரி. துரத்திப் பிடிக்கும் ஜாதியல்ல. பாசி ஓரத்தில், விழுந்த மரத்தின் கிளைக்குள், படகுத்துறையின் நிழலில் அசையாமல் நின்று, இரை பக்கத்தில் வந்ததும் வாயைத் திறக்கும். கடிக்கிறது என்பதைவிட உறிஞ்சுகிறது என்பதே சரி. வாய் திடீரென்று விரியும்போது ஏற்படும் வெற்றிடத்துக்குள் தண்ணீர் பாய்கிறது. தண்ணீரோடு இரையும் போகிறது. கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகாது. சின்ன மீன், நன்னீர் இறால் போன்ற கிரேஃபிஷ், தவளை என்று வாய்க்கு அடங்கிய எதையும் விடாது.

விராலோடு உள்ள ஒப்புமை முறிகிற இடம்தான் கோடையைப் புரிய வைக்கும். விராலுக்குத் தலைக்குள் காற்றறை உண்டு. குளம் வற்றிச் சேறானாலும் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். பாஸுக்கு அந்த வசதி இல்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை மட்டுமே நம்பி அது வாழ்கிறது. நாம் சுவாசிக்கும் ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 10 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் அதிகபட்சம் கரைவது ஏறத்தாழ 11 மில்லிகிராம். அதே தண்ணீர் 30 டிகிரிக்குச் சூடேறினால் ஏழரை மில்லிகிராம்தான். சூடான சோடா பாட்டிலைத் திறந்தால் வாயு பொங்கி வெளியேறுகிறதே, அதே கதை.

வரவு குறைகிற அதே நேரத்தில் செலவு ஏறுகிறது. மீன் குளிர் ரத்தப் பிராணி. தண்ணீர் சூடேறச் சூடேற அதன் உடல் வேகமாக இயங்கும், செரிமானம் வேகமாக நடக்கும், ஆக்சிஜன் தேவையும் கூடும். ஆகவே “கோடையில் பாஸ் சாப்பிடாது” என்று தூண்டில்காரர்கள் சலித்துக்கொள்வது தப்பு. அப்போதுதான் அதற்கு அதிகம் பசிக்கும். ஆனால் வீணாக அலைந்தால் கட்டுப்படியாகாது. கொஞ்ச நேரம், கொஞ்ச தூரம், கைக்கெட்டிய இரை என்று கணக்குப் பார்த்துச் சாப்பிடுகிறது. கோடைத் தூண்டில் என்பது மீனைத் தேடுவதைவிட ஆக்சிஜனையும் நிழலையும் இரையையும் ஒரே இடத்தில் தேடுவது.

“சூடாக இருந்தால் ஆழத்துக்குப் போயிருக்கும்” என்பது அடுத்த தப்பு. பாதித் தப்பு என்று சொல்லலாம். கிணற்றில் நீந்திப் பழகியவர்களுக்கு இது தெரியும். சித்திரை வெயிலில் குதித்தால் மேல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். காலைக் கீழே நீட்டினால் ஓர் இடத்தில் திடீரென்று சில்லென்று இருக்கும். ஏரியிலும் அப்படித்தான். சூடான தண்ணீர் லேசு, குளிர்ந்த தண்ணீர் கனம். கோடையில் லேசானது மேலே மிதக்க, கனமானது கீழே தங்க, நடுவே வெப்பம் சட்டென்று விழும் ஒரு மெல்லிய அடுக்கு உருவாகிறது. ஆங்கிலத்தில் தெர்மோக்ளைன் என்பார்கள். மேலும் கீழும் தண்ணீர் கலப்பதில்லை. மேலேயிருந்து விழும் இலை தழை, செத்த பாசி எல்லாம் அடியில் அழுகும்போது நுண்ணுயிர்கள் அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும். புதிதாக வர வழியில்லை. வளமான ஏரிகளில் ஆகஸ்ட் வந்தால் அந்தக் குளிர்ந்த அடித்தண்ணீர் மீனுக்குச் சவக்கிடங்கு. ஒரு லிட்டருக்கு இரண்டு மில்லிகிராமுக்குக் கீழே போன இடத்தில் பாஸ் தங்காது. அந்த நடு அடுக்குக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். படகிலுள்ள சோனார் திரையில் அந்த அடுக்கே மங்கலான கோடாகத் தெரியும். அதற்குக் கீழே இரை விடுவது ஆளில்லா வீட்டுக் கதவைத் தட்டுவது போல.

ஆற்றோட்டம் உள்ள நீர்த்தேக்கத்தில் இந்த அடுக்கு சரியாக நிலைப்பதில்லை; தண்ணீர் நகர்ந்துகொண்டே இருப்பதால் கலந்துவிடும். கன்டர்ஸ்வில் அந்த ரகம். இங்கே எனக்கு மிகப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. டென்னசி ஆற்று அணைகளை நடத்துவது டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம், 1933-இல் தொடங்கிய அரசு நிறுவனம். கோடைப் பிற்பகலில் ஊரெல்லாம் ஏசி ஓடும், மின்தேவை எகிறும், அணையில் டர்பைன்கள் சுழலும், ஏரிக்குள் நீரோட்டம் கிளம்பும். பழைய ஆற்றுப்படுகையின் விளிம்பு மேடுகளில் ஓட்டம் மோதும்போது, ஷாட் எனும் சிறு மீன்கூட்டம் (நம் உல்ல மீனுக்குத் தூரத்துச் சொந்தம்) அங்கே தள்ளாடும். பாஸ் மேட்டின் மறைவில் மூக்கை ஓட்டத்துக்கு எதிராக வைத்து வரிசைகட்டி நின்று விழுங்கும். அதுவரை செத்துக் கிடந்த இடம் அரைமணி நேரத்துக்குச் சந்தைக்கடை ஆகிவிடும். அதனால் அந்த ஊர்த் தூண்டில்காரர்கள் வானிலை அறிவிப்பைப் பார்ப்பதோடு, ஆணையம் எந்த மணிக்கு எவ்வளவு தண்ணீர் விடப்போகிறது என்ற அட்டவணையையும் பார்த்துவிட்டுத்தான் படகை இறக்குகிறார்கள். யாரோ வீட்டில் ஏசியைப் போடுகிறார், இங்கே மீன் கவ்வுகிறது.

மறுபடி பாசிக்கூரைக்கு வருவோம். விடிகாலைதான் மீன்பிடிக்க உகந்த நேரம் என்பது எல்லா ஊரிலும் சொல்வது. திறந்த நீரில் அது சரி. வெளிச்சம் குறைவு, சிறு மீன் மேலே மேயும், மேற்பரப்பில் பாம்புபோல் வளைந்து வளைந்து வரும் மிதவை இரையை பாஸ் ஏறி அடிக்கும். அடர்ந்த பாசிக்குள் மட்டும் இந்த விதி தலைகீழாகலாம். அந்தச் சோதனைக் குழாயை நினைத்துப் பாருங்கள்: குமிழ் வந்தது வெயிலில் வைத்தபோதுதான். இரவெல்லாம் செடி ஆக்சிஜன் விடுவதில்லை. அதுவும் மூச்சு வாங்குகிறது. ஆகவே பாசிக்காட்டில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருப்பது விடியும் நேரத்தில். கூடுதலாக இருப்பது பிற்பகலில். கூரை ரொம்பத் தடித்துவிட்டால் வெளிச்சம் கீழே இறங்காமல் அடியில் திணறல்தான். அதனால் விவரம் தெரிந்தவர்கள் பாயின் நட்டநடுவை விட்டுவிட்டு ஓரங்களையும், கைக்குட்டை அளவு ஓட்டைகளையும், நீரோட்டம் உரசும் பக்கத்தையும் பார்த்து வீசுகிறார்கள். உச்சி வெயில் ஏற ஏற வெளியில் நின்ற மீனும் நிழலுக்காக உள்ளே ஒதுங்கும். மீனுக்கு இமை கிடையாது. கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

காதும் வேண்டும். படகின் மோட்டாரை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தால் பாசிக்கடியில் சொட் சொட்டென்று உதட்டைச் சப்புவது போலச் சத்தம் கேட்கும். புளூகில் எனும் கையகல மீன் இலைகளில் ஒட்டிய பூச்சிகளைக் கொத்தும் ஓசை அது. புளூகில் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அதைத் தின்னும் பாஸ் இருக்கும். சத்தமில்லாத பாயில் நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

ரப்பர் தவளை உள்ளீடற்றது. இரண்டு முள்ளும் அதன் முதுகோடு படிந்து மேல்நோக்கி இருக்கும், பாசியில் மாட்டாது. மீன் கவ்வி அழுத்தும்போது உடல் நசுங்க, முள் வெளியே வரும். நம் பக்கத்தில் விராலுக்கு ரப்பர் தவளை போடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாய் மேல் விழச் செய்து, இரண்டு தத்தல், ஒரு நிறுத்தம். ஓட்டை வந்தால் நீண்ட நிறுத்தம். அடி விழும்போது பாசி கிழிந்து தண்ணீர் வாளி ஊற்றியதுபோல் எழும்பும். அந்த நொடியில்தான் எல்லோரும் கெடுத்துக்கொள்கிறார்கள். பதறி இழுத்தால் தவளை மட்டும் முகத்தை நோக்கிப் பறந்து வரும். பாசியோடு சேர்த்து அடித்த மீன் இரையை இன்னும் வாய்க்குள் திருப்பியிருக்காது. ஒரு மூச்சு பொறுத்து, நரம்பில் கனம் தெரிந்த பிறகு வெட்டி இழுக்க வேண்டும். இழுத்தபின் பொறுமைக்கு வேலை இல்லை. மீனின் தலை பாசிக்கு மேலே வந்துவிட வேண்டும். விட்டால் அது தண்டுகளைச் சுற்றிக்கொண்டு போய்விடும், கையில் ஒரு கூடை கீரைதான் வரும். இதற்காகவே நைலான் நரம்பை விட்டுப் பின்னல் நூல் போடுகிறார்கள்.

தவளைக்கு அசையாத மீனுக்கு அடுத்த வழி, கனமான டங்ஸ்டன் குண்டு கட்டிய இரையைக் கூரையைத் துளைத்து நேரே கீழே இறக்குவது. திறந்த ஆழத்தில் ரப்பர் புழு. 1949-இல் ஒஹாயோவின் அக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் முதன்முதலாக மென்மையான பிளாஸ்டிக் புழுவை வார்த்தார். இன்றுள்ள ரப்பர் இரைகள் எல்லாம் அதன் வம்சம். இரவில் வீசுகிறவர்கள் கறுப்புப் புழுவைத் தேர்ந்தெடுப்பது விசித்திரமாகத் தோன்றும். கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வானத்தின் மங்கலான ஒளிக்கு எதிரே கறுப்பு உருவம்தான் எடுப்பாகத் தெரியும்.

கோடை மீனைப் பிடிப்பதைவிடத் திரும்ப உயிரோடு விடுவது கடினம். போட்டிகளில் பிடித்த மீனைத் தொட்டியில் வைத்து எடைபோட்டு விட்டுவிடும் வழக்கத்தை 1972-லிருந்து பரப்பியவர் அலபாமாக்காரரான ரே ஸ்காட். ஆனால் தண்ணீர் 27 டிகிரியைத் தாண்டினால் அப்படி விட்ட மீன்களில் பின்னால் செத்துப்போவது கூடுகிறது. நீண்ட போராட்டத்தில் களைத்த மீனுக்கு மூச்சுக்கடன் ஏறியிருக்கும். அதை அடைக்கச் சூடான தண்ணீரில் போதிய ஆக்சிஜன் இல்லை. ஈரக்கையால் தொட்டு, சீக்கிரம் முள்ளெடுத்து, படம் எடுக்கும் ஆசையை ஒரு படத்தோடு நிறுத்துவதுதான் மரியாதை. இந்த விளையாட்டின் பெரிய போட்டியான பாஸ்மாஸ்டர் கிளாசிக்கே பல ஆண்டுகள் கோடையில் நடந்து, 2006-இல் பிப்ரவரிக்கு மாறிவிட்டது. அந்த மாற்றத்துக்கு முன், 2005 ஜூலையில் பிட்ஸ்பர்க்கில் நடந்த கோடைப் போட்டியில் மூன்று நாளும் சேர்த்து வென்றவரின் மொத்த மீன் எடை ஆறு கிலோவைத் தொடவில்லை.

அப்படியானால் கோடை வறட்சிக்காலமா? உலகச் சாதனைப் பட்டியல் வேறு சொல்கிறது. 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி, மழையில் வயல் நனைந்து வேலை இல்லாததால் மான்ட்காமரி ஏரிக்குப் போய்ப் பிடித்த பாஸ் 10.09 கிலோ. அதைத் தொட 77 ஆண்டுகள் ஆயின. 2009 ஜூலை 2 அன்று ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்தது 10.12 கிலோ. அங்கே பாஸ் பூர்விக மீன்களைத் தின்று தீர்க்கும் அந்நிய மீன். அந்த ஏரியில் பிடித்ததைத் திரும்ப விடுவதற்கே தடை உண்டு. பழைய சாதனையை முறியடிக்க 2 அவுன்ஸ் கூடுதல் வேண்டும் என்பது விதி. குரிதாவின் மீன் ஒரு அவுன்ஸுக்கும் சற்றுக் குறைவாகத்தான் கூடியிருந்தது. ஆகவே இருவரும் சமம் என்று அறிவித்துவிட்டார்கள். ஒன்று ஜூன், மற்றது ஜூலை. பெர்ரி எடைபோட்ட கையோடு மீனை வீட்டுக்கு எடுத்துப் போனார். பொருளாதாரப் பெருமந்தக் காலம், வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள்.