பழைய பெட்போர்ட் – 6: கதவுக்குள் தேங்கிய மழை

சென்ற வாரம் மரப் பாடியைக் கழற்றி இறக்கியதோடு நிறுத்தினோம். பலகைகள் போனதும் லொறி பாதியாகிவிட்டது. மிச்சம் சட்டம், இயந்திரம், கேபின். கறள் வேலையில் கை பழகாதவர் தொடங்க வேண்டிய இடம் கேபின், அதிலும் கதவு. கதவைக் கெடுத்தால் இன்னொரு கதவு தேடலாம். சட்டத்தைக் கெடுத்தால் லிந்துலை இறக்கத்தில் லொறியையே தேட வேண்டிவரும்.

தொடரை இந்த வாரம்தான் கையில் எடுப்பவர்களுக்கு: நண்பர் வாங்கிய இந்தத் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி மூக்கு நீண்ட பெட்போர்ட், ஜே வகை. அப்போது ஜெனரல் மோட்டோர்ஸின் பிரித்தானியக் கிளையாக இருந்த வொக்ஸ்ஹோல் 1931இல் பெட்போர்ட் என்ற பெயரில் லொறி செய்யத் தொடங்கியது. ஜே வகை வந்தது 1958இல். இங்கே கப்பலில் இறங்கியது பெரும்பாலும் சட்டமும் முன்பக்கமும்தான். பின்பாடியைக் கட்டியது நம் ஊர்த் தச்சர்கள். 1970களில் இறக்குமதி இறுகியபோதும் சரி, 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 வரை இழுத்தபோதும் சரி, பழைய தகட்டை ஒட்டிப் பிழைக்க வைக்கும் டிங்கர் பாஸ்மாருக்கு இந்த நாட்டில் மவுசு குறைந்ததே இல்லை.

கொழும்புப் பக்கத்து ஆட்கள் இந்த லொறியைப் பார்த்ததும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "கடலே இல்லாத ஊரில் இவ்வளவு கறள் எப்படி?"

லொறி நிற்கும் டயகம ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரம். மத்தியானம் தாண்டினால் மூடுபனி இறங்கிவிடும். இரவில் இரும்பு காற்றை விடச் சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால், மழையே பெய்யாத நாளிலும் விடிகாலையில் கேபின் கூரை நனைந்திருக்கும். இரும்பும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் கறள் என்பது பள்ளிக்கூடப் பாடம். ஆனால் வெறும் ஈரம் மட்டும் என்றால் இந்த வண்டி இன்னும் இருபது வருடம் தாங்கியிருக்கும். அதைத் தின்றது சுமை.

கொழுந்து லொறி கொழுந்து மட்டும் ஏற்றுவதில்லை. பச்சைக் கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். மழை நாளில் பறித்த கொழுந்து மடுவத்திலிருந்து பெக்டரி போய்ச் சேரும்வரை தட்டில் சொட்டிக்கொண்டே போகும். கொழுந்து இல்லாத நேரத்தில் அதே தட்டில் உரம் ஏறும். தேயிலைக்குப் போடும் கலவையில் யூரியா, எப்பாவல பொசுபேற்று, பொட்டாசியம் குளோரைட்டு மூன்றும் இருக்கும். இதில் கடைசியாகச் சொன்னதன் எடையில் ஏறத்தாழப் பாதி குளோரைட்டுதான். கடலோரத்தில் வண்டிகளை அரிக்கும் உப்பிலும் இதே குளோரைட்டுதான் இருக்கிறது. காலியில் காற்றில் வருவது டயகமவில் சாக்கில் வருகிறது. சிந்திய உரம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தானே கரையும். பலகை இடுக்கு, கேபினின் பின் மூலை, மிதிபலகை என்று இறங்கி உட்கார்ந்துகொள்ளும். 2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டபோது தேயிலைச் செடி வாடியது, தோட்டமே கலங்கியது. உர லொறியின் தட்டுக்கு மட்டும் சில மாதம் ஓய்வு கிடைத்திருக்கும்.

ஆகவே முதல் வேலை சுரண்டுவது அல்ல, கழுவுவது. ஓடும் தண்ணீரில், இடுக்கு இடுக்காக, ஒன்றுக்கு இரண்டு தடவை. உப்பு உள்ளே இருக்கும்போது மேலே எந்தப் பெயிண்டை அடித்தாலும் அது கறளைப் பூட்டி வைக்கிற வேலை.

இனிக் கதவு. இடது கதவின் அடியில், வெளித்தகட்டில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வரிசைக் கொப்புளம். நண்பருக்கு இது சின்ன விஷயமாகத் தெரிந்தது. டிங்கர் பாஸிடம் கேட்டார்:

"பாஸ், இதைச் சுரண்டிட்டு பெயிண்ட் அடிச்சா போதாதா?"

"தம்பி, நீங்க பாக்குறது அதோட முதுகு. வயித்தைத் திறந்து பாருங்க."

உள்தகட்டைக் கழற்றினால் விஷயம் தெரிகிறது. கண்ணாடிக்கும் றப்பர் பட்டிக்கும் நடுவே மழைநீர் கதவுக்குள் இறங்குவது சாதாரணம்; எல்லா வண்டியிலும் இறங்கும். அதற்காகவே கதவின் அடிமடிப்பில் சிறு வடிதுளைகள் விட்டிருப்பார்கள். இந்தக் கதவில் அந்தத் துளைகள் இருந்த இடமே தெரியவில்லை. வளைத்த கம்பியை விட்டு நோண்டியபோது முதலில் காய்ந்த சேறு வந்தது, பிறகு பழைய பெயிண்டின் தோல், பிறகு மக்கிக் கறுத்த தேயிலைத் தூள், கடைசியாக ஒரு குவளை பழுப்புத் தண்ணீர். பல வருட மழை அந்த மடிப்பில் நின்று உள்ளிருந்து தின்றிருக்கிறது. இரும்பு கறளாகும்போது பல மடங்கு பருக்கும். பருத்தது வெளிப்பெயிண்டைத் தள்ளியதுதான் நாம் பார்த்த கொப்புளம். வெளியே கொப்புளம் தெரிகிற நாளில் உள்ளே வேலை முடிந்திருக்கும்.

எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்க இரண்டு சாமான் போதும். ஒன்று திருப்புளி: கூரால் அழுத்திக்கொண்டே போங்கள், நல்ல தகடு தடுக்கும், செத்த தகடு பொரபொரவென்று விட்டுக்கொடுக்கும். இன்னொன்று துணியில் சுற்றிய காந்தம். கதவின் நடுப்பகுதி பளபளவென்று நேராக இருந்தது. ஆனால் ஓரிடத்தில் காந்தம் ஒட்டவில்லை. முன்பு யாரோ புட்டியை அள்ளி அப்பியிருக்கிறார்கள். பெயர்த்தால் விரல் தடிமனில் வந்தது, பின்னால் சாக்குத் துண்டும் தாரும். சிரிக்கத் தோன்றினாலும், மறுநாள் கொழுந்து ஏற்ற வேண்டிய ஒருவர் அன்றைக்குச் செய்த வேலை அது என்பதை நினைக்க வேண்டும்.

சுரண்டத் தொடங்குமுன் பற்றரி முனைகளைக் கழற்றுங்கள். எரிபொருள் தாங்கி பக்கத்தில் இருந்தால் அதையும் இறக்கி வையுங்கள். இன்னொன்று, யாரும் சொல்லாதது: அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருந்திருக்கக் கூடும். கிரைண்டரை வைத்து உலர் தூள் பறக்கவிட்டால் அது மூச்சிலும், லயத்து முற்றத்திலும், மரக்கறித் தோட்டத்திலும் போய்ச் சேரும். பழைய பெயிண்டைத் தண்ணீர் தொட்டு எமரித்தாளால் தேயுங்கள், முகமூடி போடுங்கள், பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள், கழிவைக் கூட்டி ஒரு தகரத்தில் மூடி வையுங்கள்.

பெயிண்ட் போன பிறகு கம்பித் தூரிகையும் 80ஆம் இலக்கத் தாளும். குழிக்குள் இருக்கும் கறுப்புப் புள்ளிகள் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அதற்குத்தான் கறளை மாற்றும் திரவங்கள். இவற்றில் ஒரு வகை பொசுபோரிக் அமிலம், கறளை இரும்புப் பொசுபேற்றாக்கும். மற்றது டனிக் அமிலம், கறளோடு சேர்ந்து நீலக்கறுப்பான படலமாகப் பிடித்துக்கொள்ளும். மலையகத்தாருக்கு இந்தக் கறுப்பு புதிதல்ல. பிளேன்டீ கோப்பையில் இரும்பாணியைப் போட்டு விடியும்வரை வைத்தால் தெரியும். நுவரெலியாப் பக்கம் நிற்கும் வாட்டில் மரத்தின் பட்டை தோல் பதனிட உதவுவதும் டனினால்தான். இதைக் கேட்டதும் நண்பர் பெக்டரித் தூளைக் காய்ச்சிக் கதவில் ஊற்றலாமா என்றார். வேண்டாம். தேயிலைச் சாயத்தில் இருப்பது அந்த வேலைக்கான டனிக் அமிலம் அல்ல. கறை வரும், காப்பு வராது. எந்தத் திரவமானாலும் அது தளர்ந்த கறளை மாற்றாது, ஓட்டையை அடைக்காது. ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய கறளுக்கு மட்டும்தான் அது.

ஓட்டை விழுந்த இடத்தை வெட்டித்தான் ஆகவேண்டும். இங்கேதான் புதியவர்கள் கஞ்சத்தனம் பண்ணுவார்கள். ஓட்டையை மட்டும் வெட்டினால் சுற்றிலும் காகிதம் போன்ற தகடு மிஞ்சும், வெல்டிங் பட்டதும் உருகி ஓட்டை பெரிதாகும். பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை வெட்டுங்கள். அட்டையில் அளவு வெட்டி வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு தகட்டில் வெட்டுங்கள். 18 அல்லது 20 கேஜ் வெறுந்தகடு, அதாவது ஒரு மில்லிமீற்றரை ஒட்டிய தடிப்பு, இந்தக் கேபினுக்குப் பொருந்தும்.

தோட்டத்தில் கைக்குக் கிடைப்பது கூரைத் தகரம். லயம் மாற்றியபோது கழற்றிய துண்டுகள் எந்த வீட்டின் பின்னாலும் இருக்கும், காசும் இல்லை. அதை வெல்டிங்குக்கு எடுக்காதீர்கள். அதன் மேலுள்ள துத்தநாகப் பூச்சு சூட்டில் வெண்புகையாகும். அதை மூச்சில் இழுத்தவருக்குச் சில மணித்தியாலத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். பழைய வெல்டர்மாரைக் கேட்டால் அந்த இரவைப் பற்றிச் சொல்வார்கள்.

வெல்டிங்கைப் பற்றி என் கருத்து இது: சாதாரண ஆர்க் குச்சி இந்தத் தகட்டுக்கு முரடு, புதியவர் கையில் ஓட்டைதான் போடும். மிக் இயந்திரமும் 0.6 அல்லது 0.8 மில்லிமீற்றர் கம்பியும் கிடைத்தால் ஒரு நாளில் பழகலாம். நீளக் கோடாக இழுக்காமல் இங்கொரு பொட்டு, எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு என்று மாற்றி மாற்றி வையுங்கள், இடையில் ஆறவிடுங்கள். அவசரப்பட்டால் கதவு சூட்டில் நெளிந்துவிடும், நெளிவை எடுக்கப் பாஸிடம்தான் போகவேண்டும். ஒட்டுத் தகட்டைப் பழைய தகட்டின் மேல் அடுக்கினால் நடுவில் தண்ணீர் நிற்கும். விளிம்போடு விளிம்பு சேர்ப்பதே கதவுக்கு நல்லது. வெல்டிங்கே வேண்டாம் என்பவர் ரிவெட் அடித்து ஓரங்களில் சீலர் பூசலாம். அழகு குறைவு, ஆனால் நேர்மையான வேலை.

புட்டி கடைசியில் வரவேண்டியது, அதுவும் மூன்று மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம். புட்டி ஈரத்தை உறிஞ்சும். வெறும் இரும்பின் மேல் நேரே அப்பாமல் எபொக்சி பிரைமர் ஒரு பூச்சுக் கொடுத்து, அதன் மேல் வையுங்கள்.

டயகமவில் பெயிண்ட் வேலையை நடத்துவது பாஸ் அல்ல, வானம். சுத்தமாகத் தேய்த்த இரும்பு இந்த ஈரத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய் வருவதற்குள் மஞ்சளாகிவிடும். பூச்சு வேலைக்கான பொது விதி: காற்றின் ஈரப்பதன் 85 சதவீதத்துக்குக் கீழே, தகட்டின் வெப்பம் பனிபடியும் வெப்பநிலையை விட மூன்று பாகை செல்சியசாவது மேலே. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை அந்த நேரம் இங்கே அபூர்வம். ஜனவரி முதல் மார்ச் வரை கிடைக்கும். விடியலில் உறைபனி விழுந்தாலும் பத்து மணிக்குப் பிறகு வெயில் ஏறும். தேய்ப்பதையும் முதல் பிரைமரையும் அதே நாளில், மூடுபனி இறங்குமுன் முடித்துவிட வேண்டும். ஸ்பிரே வசதியும் அதற்குரிய முகக்கவசமும் இல்லாதவருக்கு எனாமலும் தூரிகையும் போதும். லொறிக்கு அது குறைச்சலே இல்லை.

முடிந்ததும் கதவின் உட்புறத்துக்கு மெழுகுக் காப்பு அடியுங்கள். எரிந்த ஒயிலை ஊற்றும் பழைய வழக்கம் ஒன்றுண்டு. அது கறளைத் தள்ளிப்போடும் என்பது உண்மைதான். ஆனால் றப்பரை ஊத வைக்கும், முதல் மழையில் வடிந்து கானுக்குள் இறங்கும். கான் போவது ஆக்ரா ஓயாவுக்கு. அந்த நீர் கொத்மலை ஓயாவோடு போய், தலவாக்கலையில் 2012 முதல் மின்சாரம் தரும் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் நிற்கிறது. வழியில் அதை எத்தனை பேர் குடிக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

கதவு, மிதிபலகை, மட்காட், கேபின் தரை ஆகியவற்றைக் கை பழகாதவர் தைரியமாகத் தொடலாம். கேபினைச் சட்டத்தோடு பிடிக்கும் தாங்கிகள், ஸ்டியரிங் பெட்டி உட்காரும் இடம், வில்லுத் தகட்டின் கொக்கிகள் ஆகியவற்றில் திருப்புளி உள்ளே போனால் அன்றைக்கே வேலையை நிறுத்தி அனுபவமுள்ள வெல்டரைக் கூப்பிடுங்கள். இதில் மலிவு பார்ப்பது மடத்தனம்.

நமது இடது கதவு தேறிவிட்டது. வலது கதவின் அடிமடிப்பு முழுதும் போய்விட்டது, ஒட்டுப்போட நல்ல தகடு மிஞ்சவில்லை. உங்கள் தோட்டத்து மடுவத்துக்குப் பின்னாலோ பழைய கராஜ் மூலையிலோ ஜே வகை பெட்போர்ட் கதவு கிடந்தால், பழைய இரும்புக்காரரிடம் போடுமுன் ஆசிரியர் முகவரிக்கு ஒரு தகவல் அனுப்புங்கள்; நியாயமான விலை கொடுத்து எடுத்துக்கொள்கிறோம். அடுத்த வாரம் சட்டம்.